பவர் இருந்தும் பவர் இல்லை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த ஆறாம் நாள். புனேயிலிருந்து கும்பகோணத்துக்கு ஓடிவந்து, வங்கி மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கையில் பவர் பத்திரம். மூணு வருஷம் முன்னாடி அப்பாவே ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு நடந்து வந்து எழுதிக் கொடுத்தது.

"அப்பாவுக்கு நினைவு இருக்கா?"

"இல்லை சார், என்னையே அடையாளம் தெரியலை."

"அப்படின்னா இந்தப் பவர் செல்லாதே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேரா எங்க குடும்ப வக்கீல்கிட்ட போனேன். அவர் நிதானமா, "தம்பி, அவர் மேல தப்பில்லை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 201-வது பிரிவைப் பாரு" என்றார். பவர் கொடுத்தவர் இறந்தாலோ, புத்தி சுவாதீனம் இழந்தாலோ, பவரும் அதோட முடிஞ்சது. அப்பா நல்லா இருந்தவரை எனக்கு அது தேவைப்படலை. தேவைப்பட்ட அன்னிக்கு அது வெறும் காகிதம்!

ஏன் இப்படின்னு தேடிப் படிச்சதில் கொஞ்சம் சரித்திரம் கிடைச்சது.

'உயில்' என்கிற சொல்லே இங்கிலீஷ் 'வில்'லிலிருந்து வந்ததுதான். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் படுத்தால் அடுத்தவர் பொறுப்பெடுத்துக்குவார், பத்திரம் எதுக்கு? 1870-ல் வந்த இந்து உயில் சட்டம் வங்காளத்துக்கும், சென்னை, பம்பாய் நகரங்களுக்கும்தான். எங்க ஊர்ப்பக்கம் வாய்வார்த்தையா சொன்ன உயிலும் செல்லும். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தால், 1927 ஜனவரி 1 முதல் எழுதுகிற எல்லா இந்து உயிலுக்கும் எழுத்து, கையெழுத்து, ரெண்டு சாட்சி கட்டாயமாச்சு. பழைய நகர எல்லையை வெச்சு சென்னைக்கும் மும்பைக்கும் கட்டாயமா இருந்த புரொபேட் விதியை (213-வது பிரிவு), 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிடுச்சு.

கவனிச்சீங்களா? இவ்வளவும் செத்த பிறகு நடக்கிறதுக்கு. உயிரோட இருந்தும் கையெழுத்துப் போட முடியாத நாட்களுக்கு?

பவருக்கு 1882-லேயே தனிச் சட்டம் வந்தது. ஆனா 201-வது பிரிவை அது மாத்தலை. இந்தக் கொள்கையை நமக்குக் கொடுத்த இங்கிலாந்து, 1985-லேயே நினைவு தப்பின பிறகும் நீடிக்கிற பவருக்குச் சட்டம் போட்டது. 2007-ல் அதை வைத்திய முடிவுகளுக்கும் விரிவாக்கினது. நாம இன்னும் 1872-லயே நிக்கிறோம். கோமாவில் கிடக்கிறவருக்குக் காப்பாளர் வேணும்னா குடும்பம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடணும். 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் இதுக்கு வழிமுறைகள் வகுத்தது.

நாங்களும் மதுரைக் கிளையில் மனு போட்டோம். உத்தரவு வர்றதுக்குள்ள அப்பா போயிட்டார். ஆஸ்பத்திரி செலவை ஓட்டினது, அம்மா பேரையும் சேர்த்திருந்த ஒரே ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட்தான். அப்பா பேரில் மட்டும் இருந்த டெபாசிட்டை அவருக்காக ஒரு ரூபாய்கூட எடுக்க முடியலை.

ஊர் திரும்பினதும் நான் செஞ்சதைச் சொல்றேன். உயில் எழுதி ரெண்டு சாட்சி வாங்கினேன் (பதிவு கட்டாயமில்லை, ஆனா நல்லது). கணக்கையெல்லாம் மனைவியோட, ரெண்டு பேரில் யார் கையெழுத்துப் போட்டாலும் போதும்கிற முறைக்கு மாத்தினேன். குணமாக வழியே இல்லாத நிலைமை வந்தால் வைத்தியத்தை எதுவரை தொடரணும்னு எழுதி வெச்சேன். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் இதை அனுமதிச்சது. 2023 ஜனவரியில் சுலபமாக்கினதால், ரெண்டு சாட்சியோட நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டால் போதும். சொத்து கொஞ்சம் அதிகமா இருந்தால் உயிரோட இருக்கும்போதே டிரஸ்ட் வைக்கலாம், எழுதினவருக்கு நினைவு தப்பினாலும் அது நிக்கும் என்றார் வக்கீல். வீடு, நிலம்னா முத்திரைத்தாள் செலவு இருக்கு, கேட்டுக்கிட்டு செய்யுங்க.

ஊரில் அப்பா அம்மா இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. அடுத்த தடவை லீவில் போகும்போது, "பவர் இருக்கே"ன்னு நிம்மதியா திரும்பிடாதீங்க. எந்தெந்தக் கணக்கில் ரெண்டாவது பேர் இருக்குன்னு பாருங்க. கேட்கவே சங்கடமாத்தான் இருக்கும். எனக்கும் சங்கடமா இருந்தது, அதனாலதான் கேட்காம விட்டேன்.