குரங்கு பிடித்த பாம்பு!

கிதார் கச்சேரி பார்த்திருப்பீர்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே, வாசிக்கிற பையன் தரையில் கிடக்கும் சின்னப் பெட்டி ஒன்றைக் காலால் மிதிப்பான். சத்தம் நின்றுவிடும். குனிந்து பார்த்தபடி தந்தியை முறுக்குவான். அதுதான் 'க்ரோமாட்டிக் ட்யூனர் பெடல்'. இடப்பக்க விளக்கு எரிந்தால் சுருதி குறைவு, வலப்பக்கம் என்றால் அதிகம், நடுவில் என்றால் கச்சிதம்! 1998-ல் பாஸ் கம்பெனியின் 'டி.யு.-2' வந்தபிறகு மேடைக்கு மேடை இது சகஜமாகிவிட்டது.

சரி, பெட்டி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்திலேயே எக்கியார்குப்பம் மாதிரி மீனவர் ஊர்கள். சங்க கால எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடிப்போகும் ஏழைப் பாணனுக்கு, 'சிறுபாணாற்றுப்படை' வழிசொல்வது இந்தக் கரை வழியாகத்தான். பரதவர் வீடுகளில் சுட்ட உலர்மீன் கிடைக்கும் என்று ஆசைகாட்டுகிறார் புலவர் நல்லூர் நத்தத்தனார்.

பாணன் கையில் சின்ன யாழ். நரம்புகளை முடுக்கவும் தளர்த்தவும் தண்டில் 'திவவு' என்ற வார்க்கட்டு. அதற்குப் புலவர் சொல்லும் உவமை பிரமாதம். குரங்கு ஒன்று பாம்பைப் பிடித்துவிட்டது. அதன் கையில் பாம்பு இறுகுவதும் தளர்வதுமாகச் சுற்றுகிறதே, அப்படி இருந்ததாம் திவவு! சுருதி கூட்டுவதை இதைவிடத் தத்ரூபமாகச் சொல்ல முடியுமா?

நரம்பு சேர்ந்ததா என்று சொல்ல விளக்கு கிடையாது. காதுதான் நீதிபதி. ச-வுக்கு ப சேர்கிறதா என்று கேட்டுக் கேட்டுக் கூட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அவற்றுக்குக் குரல், இளி என்று பெயர். யாழ் வழக்கொழிந்தது. வாசித்தவர்களோடு அந்தக் காதும் போய்விட்டது.

தேடிப் புறப்பட்டவர் தஞ்சாவூர் சித்த வைத்தியர் ஆபிரகாம் பண்டிதர். ஸ்தாயிக்கு 22 சுருதி என்று வித்வான்கள் சொல்லிக்கொண்டிருக்க, "இல்லை, சமமான 24" என்று கணக்குப் போட்டார். 1916-ல் பரோடா மாநாட்டுக்கே போய் வாதாடினார். மறுவருஷம் 'கருணாமிர்த சாகரம்' வெளியானது. 1919-ல் மறைந்தார். சர்ச்சை ஓயவில்லை. பிறகு ஈழத்து விபுலாநந்த அடிகள். 1947 ஜூனில் அவருடைய 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். ஒரு வாத்தியத்தின் ஓசையைத் திரும்பக் கேட்க எவ்வளவு பாடு!

இப்போது பெடலுக்கு வருவோம். அது ஸ்தாயியைச் சமமாக 12 துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் 100 'சென்ட்' தருகிறது. பண்டிதரின் 24-ல் சரிபாதி! அதன் கணக்கில் பஞ்சமம் 700. காது இனிமை என்று ஒப்புக்கொள்ளும் பஞ்சமமோ சுமார் 702. அந்தர காந்தாரம் பெட்டிக்கு 400, காதுக்கு 386. ஆக, பச்சை விளக்கு எரிந்தாலும் காது லேசாக முகம் சுளிக்கலாம்.

பெடல் தப்பில்லை சார், கூட்டத்தின் இரைச்சலில் அது பெரிய உதவி. ஆனால், வீட்டில் பழகும்போது முதலில் காதால் கூட்டிப் பாருங்கள். அப்புறம் பெட்டியை மிதித்துச் சரிபாருங்கள். பாணனிடம் கிதார் இல்லை, பெட்டி இல்லை, சாப்பாடுகூட நிச்சயமில்லை. காது மட்டும் இருந்தது.