நேரு கோப்பைக் கால்பந்து

நேரு கோப்பை, ஆடவர் தேசிய அணிகளை அழைத்து இந்தியா நடத்திய பன்னாட்டுக் கால்பந்துப் போட்டி. ஜவகர்லால் நேரு பன்னாட்டுத் தங்கக் கோப்பை என்பது இதன் முழுப்பெயர். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1982 முதல் 2012 வரை 15 முறை இதை நடத்தியது. அவற்றுள் 1993ஆம் ஆண்டுப் போட்டி சென்னையில் நடந்தது.

தோற்றமும் முறையும்

உலகக் கோப்பையைப் போல இதற்குத் தகுதிச் சுற்று கிடையாது. போட்டியை நடத்தும் நாடு அழைக்கும், விரும்பிய நாடுகள் வரும். மலேசியா 1957 முதல் மெர்டேக்கா கோப்பையையும், தாய்லாந்து 1968 முதல் மன்னர் கோப்பையையும் இந்த முறையில்தான் நடத்தின. வலிமையான அணிகளோடு அடிக்கடி மோதும் வாய்ப்பு இந்திய வீரர்களுக்கு அரிதாக இருந்த காலத்தில், அந்த அணிகளை நம் ஊருக்கே வரவழைத்தது நேரு கோப்பை.

முதல் போட்டி 1982இல் கொல்கத்தாவில் நடந்தது. இறுதியாட்டத்தில் சீனாவை 2–0 என வீழ்த்தி உருகுவே கோப்பையை வென்றது. பிறகு கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, சிலிகுரி, கோவா என ஊர் ஊராகப் போட்டி சென்றது. அழைப்பை ஏற்ற நாடுகள் எல்லாம் தம் முதல்தர அணியையே அனுப்பிவிடவில்லை. ஒலிம்பிக் அணியோ இரண்டாம் அணியோ வந்ததும் உண்டு. ஆனாலும் 1984இல் கொல்கத்தா வந்த அர்ஜென்டினாவுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் கார்லோஸ் பிலார்டோ. இரண்டே ஆண்டுகளில் அவர் தம் நாட்டுக்கு உலகக் கோப்பையை வென்று தந்தார். அந்த அணியிடம் இந்தியா தோற்றது ஒரே ஒரு கோலில்தான். கோல் அடித்தவர் ரிக்கார்டோ கரேக்கா.

1985 முதல் 1988 வரை தொடர்ந்து நான்கு முறை சோவியத் ஒன்றியம் வென்றது. ஹங்கேரியும் ஈராக்கும் இரு முறை வென்றன. உருகுவே, போலந்து, ருமேனியா, வட கொரியா ஆகியவை ஒவ்வொரு முறை வென்றன.

சென்னை, 1993

சென்னை பெரியமேட்டில் முன்பு இருந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956இல் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்த மைதானம் அதுதான். அந்த இடத்தில் 260 நாட்களில் புதிய நேரு ஸ்டேடியம் எழுந்தது. 1993 ஜனவரியில் அங்கே மின்விளக்கு வெளிச்சத்தில் முதன்முதலாக நடந்த கால்பந்து ஆட்டம் நேரு கோப்பைக்கானது. இறுதியாட்டத்தில் ருமேனியாவை 2–0 என வென்று வட கொரியா கோப்பையைக் கைப்பற்றியது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி ரசிகர்களுக்கு இந்த ஸ்டேடியம் ஒரே ரயில் தூரம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. 1993இல் அது இன்னும் மீட்டர் கேஜ் பாதை. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடந்தால் ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள் தெரியும். ஐரோப்பாவின் தேசிய அணி ஒன்று ஆடுவதைப் பார்க்கத் தென் புறநகர்க்காரருக்கு அந்த ஜனவரியில் ஒரு ரயில் டிக்கெட்டும் ஆட்டத்துக்கான டிக்கெட்டும் போதுமாயிருந்தன.

இடைவெளியும் மறுபிறப்பும்

1997இல் கொச்சியில் ஈராக் உஸ்பெகிஸ்தானை 3–1 என வென்றதோடு போட்டி நின்றுபோனது. பத்தாண்டுகள் கழித்து, 2007 ஆகஸ்ட்டில் தில்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் அது மீண்டும் தொடங்கியது. சிரியா, கிர்கிஸ்தான், வங்கதேசம், கம்போடியா ஆகிய நாடுகள் வந்தன. பாப் ஹௌட்டன் பயிற்சியளித்த இந்தியா, இறுதியில் என்.பி. பிரதீப் அடித்த கோலால் சிரியாவை 1–0 என வென்றது. நேரு கோப்பை இந்தியாவின் கைக்கு வந்தது அப்போதுதான் முதல்முறை.

2009 இறுதியாட்டத்திலும் எதிரணி சிரியாதான். பெனால்டி ஷூட்அவுட்டில் கோல்கீப்பர் சுப்ரதா பால் இந்தியாவைக் காப்பாற்றினார். 2012இல் கேமரூனுடன் ஆட்டம் 2–2 எனச் சமனாக, பெனால்டியில் இந்தியா 5–4 என வென்றது. அதன்பின் நேரு கோப்பை நடக்கவில்லை.

தொடர்ச்சி

2018இல் மும்பையில் இன்டர்கான்டினென்டல் கோப்பை என்ற புதிய அழைப்புப் போட்டி பிறந்தது. முதல் ஆட்டத்தில் இருக்கைகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்ததைக் கண்ட கேப்டன் சுனில் சேத்ரி, ஸ்டேடியத்துக்கு வந்து எங்களைத் திட்டவாவது செய்யுங்கள் என்ற பொருளில் காணொளியில் வேண்டினார். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்தது. இறுதியில் கென்யாவை 2–0 என வென்றபோது இரண்டு கோலும் அவருடையவை. 2019இல் அகமதாபாத்தில் வட கொரியாவும், 2023இல் புவனேஸ்வரில் இந்தியாவும், 2024இல் ஹைதராபாத்தில் சிரியாவும் இக்கோப்பையை வென்றன.

மதிப்பீடு

இந்தியா நேரு கோப்பையை வெல்ல முதல் போட்டியிலிருந்து 25 ஆண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய தோல்விகளை வீண் என்று தள்ளிவிட முடியாது. தம்மைவிட வலிய அணிகளோடு சொந்த மண்ணில் மோதித்தான் நம் வீரர்கள் தம் தரத்தை அளந்துகொண்டார்கள். தொடர்ந்து நடத்தினால் மட்டுமே அழைப்புப் போட்டி பயன் தரும். நடுவே விட்டுப்போன பத்தாண்டுகள் ஒரு தலைமுறை வீரர்களின் இழப்பு. 1993இல் வட கொரியா கோப்பையை ஏந்திய அதே பெரியமேடு ஸ்டேடியம், பிற்பாடு இந்தியன் சூப்பர் லீக்கை 2015இலும் 2018இலும் வென்ற சென்னையின் எஃப்.சி. அணிக்குச் சொந்த மைதானமானது.