ஒரிகனும் டென்னசியும்: ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கு இரண்டு வழிகள்

1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இரண்டு மாநிலங்கள் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை அடியோடு மாற்றின. ஜனவரி 1 அன்று தென்பகுதி மாநிலமான டென்னசியில் ‘டென்கேர்’ நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 1 அன்று, மேற்குக் கரையில் ‘ஒரிகன் சுகாதாரத் திட்டம்’ தொடங்கியது. காப்பீடு இல்லாத ஏழைகளை உள்ளே கொண்டுவர வேண்டும், செலவும் எகிறக் கூடாது என்பதே இரண்டின் நோக்கமும். ஆனால் வழிகள் நேர் எதிரானவை. பத்துப் பதினொரு ஆண்டுகளில் இரண்டும் ஆட்களை வெளியேற்றும் நிலைக்கு வந்தன. பிறகு ஒரிகன் மீண்டெழுந்தது. டென்னசி சுருங்கிய வரம்புக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

பொதுவான அடித்தளம்

1965இல் உருவான மெடிக்கெய்ட் திட்டத்தின் செலவை வாஷிங்டனில் உள்ள மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன. அக்காலத்தில் ஏழை என்பது மட்டும் அதில் சேரப் போதாது. குழந்தை, கர்ப்பிணி, பிள்ளை வளர்க்கும் பெற்றோர், முதியவர், உடற்குறை உள்ளவர் என ஏதாவது ஒரு வகைக்குள் வர வேண்டும். பிள்ளையில்லாத, உழைக்கும் வயது ஏழைக்குப் பெரும்பாலும் இடமில்லை. இந்த விதிகளிலிருந்து விலகிச் சோதனை செய்ய விரும்பும் மாநிலம், சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1115ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசிடம் விலக்குப் பெறலாம். ஒரிகன், டென்னசி இரண்டுமே அந்த வாசல் வழியாகத்தான் வந்தன.

எதைக் குறைப்பது?

ஒரிகனின் கதை ஒரு சர்ச்சையில் தொடங்குகிறது. 1987இல் அம்மாநிலச் சட்டமன்றம் உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளுக்கான நிதியை நிறுத்தியது. அவ்வாண்டு இறுதியில், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு வழியில்லாமல், ரத்தப் புற்றுநோய் கண்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். நாடே கொதித்தது. அப்போது மாநில செனட்டின் தலைவராக இருந்தவர் ஜான் கிட்ஸ்ஹாபர். அவசரச் சிகிச்சை மருத்துவர். காப்பீடே இல்லாமல் எத்தனையோ பேர் சத்தமின்றிச் சாகிறார்களே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்பது அவர் வாதம். 1989இல் நிறைவேறிய சட்டம் அந்த வாதத்தின் விளைவு. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள அனைவரும் உள்ளே வருவார்கள். பணம் போதாவிட்டால் ஆட்களை வெட்டாமல் சிகிச்சைகளை வெட்டுவது என்று அது சொன்னது.

இதற்காக 11 பேர் கொண்ட ஆணையம் நோய்களையும் சிகிச்சைகளையும் இணைத்து வரிசைப்படுத்தியது. ஊர் ஊராகப் பொதுக்கூட்டங்கள் நடத்தி மக்கள் கருத்துக் கேட்டார்கள். செலவுக்கேற்ற பலன் என்ற சூத்திரத்தில் 1990இல் தயாரான முதல் பட்டியல் கேலிக்குள்ளானது: உயிர் காக்கும் குடல்வால் அறுவைக்கும் மேலே, பல்லுக்கு ‘கேப்’ போடுவது இடம்பிடித்திருந்தது. சூத்திரத்தை ஓரங்கட்டி மறுபடியும் அடுக்கினார்கள். உடற்குறை உள்ளவர்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டுகிறது என்று 1992இல் மூத்த புஷ் அரசு அதை நிராகரித்தது. திருத்திய வடிவத்துக்கு 1993இல் கிளின்டன் அரசு ஒப்புதல் தந்தது. திட்டம் தொடங்கியபோது பட்டியலில் 696 வரிகள். அவற்றில் முதல் 565க்கான செலவை அரசு ஏற்றது. அதற்குக் கீழே இருந்தவை பெரும்பாலும் தானே ஆறும் சிறு நோய்களும், பலன் குறைந்த சிகிச்சைகளும்.

டென்னசிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மருத்துவமனைகள் மீது போட்ட வரியைக் கொண்டே அது மெடிக்கெய்டில் தன் பங்கை ஈடுகட்டி வந்தது. 1991இல் வாஷிங்டன் அத்தகைய வரிகளுக்குக் கடிவாளம் போட்டதும் கருவூலத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. ஆளுநர் நெட் மெக்வெர்டர் 1993 ஏப்ரலில் டென்கேரை அறிவித்தார். சட்டமன்றம் சில வாரங்களில் அதிகாரம் வழங்கியது. நவம்பரில் விலக்குக் கிடைத்தது. ஜனவரியில் திட்டம் ஓடத் தொடங்கியது. மெடிக்கெய்டில் இருந்த ஏறத்தாழ 8 லட்சம் பேரும் ஒரே நாளில் 12 தனியார் நிர்வாக நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று அரசு கொடுத்துவிடும். சிகிச்சைச் செலவு நிறுவனத்தின் பொறுப்பு. அதில் மிச்சமாகும் பணத்தில் காப்பீடு இல்லாதவர்களையும், ஏற்கெனவே உள்ள நோயால் எந்த நிறுவனமும் ஏற்காதவர்களையும் சேர்க்கலாம் என்பது கணக்கு. ஓராண்டுக்குள் சேர்ந்தவர்கள் 12 லட்சத்தைத் தொட்டார்கள்.

பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டுப் பதார்த்தத்தைக் குறைத்தது ஒரிகன். இலையும் குறையாது, பதார்த்தமும் குறையாது, சமையற்காரர் சிக்கனமாகப் பார்த்துக்கொள்வார் என்றது டென்னசி. ஒரிகனில் எதை வெட்டுகிறோம் என்பது அச்சிட்ட பட்டியலில் எல்லோர் கண்ணிலும் பட்டது. டென்னசியில் அந்த முடிவு நிறுவனங்களின் அலுவலகங்களுக்குள் போய்விட்டது.

இரண்டும் சறுக்கிய இடம்

ஒரிகனின் பட்டியல் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது மிச்சப்படுத்திய பணம் சொற்பம். காரணம், பட்டியலில் அரசு செலவை ஏற்கும் எல்லைக் கோட்டை மேலே நகர்த்தி மேலும் சிகிச்சைகளை வெட்ட ஒவ்வொரு முறையும் வாஷிங்டனின் அனுமதி தேவை. அது எளிதில் கிடைக்கவில்லை. கஷ்ட காலத்துக்கென்றே செய்த கருவி, கஷ்ட காலம் வந்தபோது கைகொடுக்கவில்லை. 2001க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவில் விற்பனை வரியே இல்லாத ஒரிகன் தள்ளாடியது. வருமான வரியைத் தற்காலிகமாக உயர்த்தும் யோசனையை 2003, 2004 ஆகிய இரு ஆண்டுகளிலும் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். திட்டத்தால் புதிதாகத் தகுதி பெற்ற வகையினருக்கு 2003இல் மாதச் சந்தா கண்டிப்பாக்கப்பட்டது. கட்டத் தவறினால் ஆறு மாதம் வெளியே. அவர்கள் எண்ணிக்கை ஓராண்டுக்குள் ஏறக்குறையப் பாதியானது. ஆட்களை வெட்டமாட்டோம் என்ற 1989இன் வாக்குறுதி அங்கே முறிந்தது. 2008இல் 10,000 இடங்களுக்குச் சுமார் 90,000 பேர் பதிவு செய்ய, குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். அந்தக் குலுக்கலே ஆய்வாளர்களுக்கு அரிய வாய்ப்பானது. காப்பீடு கிடைத்தவர்களிடம் மனச்சோர்வும் மருத்துவக் கடனும் குறைந்தன. இரண்டாண்டில் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவுகளில் உறுதியான மாற்றம் தெரியவில்லை.

டென்னசியின் சறுக்கல் இன்னும் பெரிது. அவசரத்தில் தொடங்கியதால் ஆரம்பத்திலேயே குழப்பம். அரசு ஊழியர்களுக்குச் சிகிச்சை தர விரும்பும் மருத்துவர்கள் டென்கேர் நோயாளிகளையும் பார்த்தாக வேண்டும் என்று முக்கியக் காப்பீட்டு நிறுவனம் நிபந்தனை போட, பல மருத்துவர்கள் வலையமைப்பை விட்டே வெளியேறினார்கள். நிர்வாக நிறுவனங்கள் சில நொடித்துப்போயின. நோயாளிகள் சார்பில் தொடுத்த வழக்குகளில் உருவான, அவர்களின் உரிமை காக்கும் நீதிமன்ற ஒப்பந்தங்கள் செலவைக் கட்டுப்படுத்தவிடவில்லை என்றது அரசு. நிர்வாகம் சரியில்லை என்றார்கள் வழக்காடியவர்கள். சம்பளத்துக்கு வருமான வரி இல்லாத மாநிலம் அது. அந்த வரியைக் கொண்டுவர ஆளுநர் டான் சண்ட்குவிஸ்ட் செய்த முயற்சி, தலைநகர் நாஷ்வில்லில் சட்டமன்றத்தைச் சுற்றி எதிர்ப்பாளர்கள் எழுப்பிய கார் ஹாரன்களின் இரைச்சலில் தோற்றது. அடுத்து வந்த ஃபில் பிரெடெசன் முன்பு நிர்வாகக் காப்பீட்டு நிறுவனம் நடத்தியவர். அவர் ஆட்சியில் 2005இல் சுமார் 1,70,000 பெரியவர்கள் ஒருசேர நீக்கப்பட்டார்கள். மிஞ்சிய பெரியவர்களில் பலருக்கு மாதத்துக்கு ஐந்து மருந்துச் சீட்டு என்று உச்சவரம்பும் வந்தது.

பிறகு நடந்தது

ஒபாமா காலச் சட்டம் 2014 முதல் வறுமைக்கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ளவர்களைச் சேர்க்கப் பெரும்பங்கு நிதி தந்தது. ஒரிகன் உடனே ஏற்றுக்கொண்டது. மாநிலப் பங்குக்காக மருத்துவமனைகள், காப்பீட்டு நிறுவனங்கள் மீது போட்ட வரி 2018 ஜனவரியில் பொதுவாக்கெடுப்புக்கு வந்தபோது, ஏறக்குறைய 62 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். டென்னசியிலோ ஆளுநர் பில் ஹாஸ்லம் 2015இல் முன்வைத்த விரிவாக்கத் திட்டம் செனட் குழுவிலேயே மடிந்தது. அம்மாநிலம் இன்றும் அந்த விரிவாக்கத்தை ஏற்கவில்லை.

டென்னசிக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். குறுகிய காலத்தில் அது சேர்த்த ஆட்களின் எண்ணிக்கைக்கு அருகே ஒரிகன் வரவில்லை. நோயாளி என்பதாலேயே காப்பீடு மறுக்கப்பட்டவர்களுக்குக் கதவு திறந்ததும் அதுவே. அரசியல் சாய்வில் இரு மாநிலங்களும் வேறுபட்டதும் பிந்தைய முடிவுகளுக்கு ஒரு காரணம்.

ஆயினும் வேறுபாட்டின் வேர் தொடக்கத்திலேயே இருக்கிறது என்பது என் மதிப்பீடு. ஒரிகனின் பட்டியல் பணத்தை மிச்சப்படுத்தவில்லை. ஆனால் யாருக்கு, எவ்வளவு, யார் செலவில் என்ற கேள்வியைப் பொதுமக்கள் முன் வைத்து ஆண்டுக்கணக்கில் பேசவைத்தது. இருமுறை வரியை மறுத்த அதே வாக்காளர்கள் பின்னர் ஒப்புக்கொண்டதில் அந்தப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு. டென்னசியில் மக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சிக்கனமே செலவைத் தாங்கும் என்று சொல்லப்பட்டது. அது பொய்த்தபோது திட்டத்துக்காகக் குரல் கொடுக்க நீக்கப்பட்டவர்களையும் அவர்களின் வழக்கறிஞர்களையும் தவிர அதிகம் பேர் இல்லை. ஏழைகளுக்குக் காப்பீடு தரும் எந்தச் சட்டத்தையும், நல்ல ஆண்டில் எத்தனை பேரைச் சேர்க்கிறது என்பதைக் கொண்டு எடைபோடக் கூடாது. மோசமான ஆண்டில் பணம் யாரிடமிருந்து வரும் என்பதை அது முன்கூட்டியே சொல்லி, அவர்களின் ஒப்புதலையும் வாங்கியிருக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.