வாட்சன் அட்டவணைக்குள் அடங்காத புண்

மலாயாத் தோட்டத் தமிழரின் நோய் வரலாறு பெரும்பாலும் மால்கம் வாட்சனின் கண் வழியாகவே வாசிக்கப்படுகிறது. கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த அவர் 1911-இல் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு நூல் அத்துறையின் முன்னோடி. அவர் முன்வைத்த அட்டவணை ஒன்று புகழ்பெற்றது. கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். சதுப்பை வடித்தபின், 1905-இல், 45 பேர். பிற நோய்களால் இறந்தோரும் 214-லிருந்து 68-ஆகக் குறைந்தனர். மலேரியாவை அடக்கினால் மற்ற நோய்களும் தணியும் என்பது வாட்சனின் முடிபு.

அந்தப் ‘பிற நோய்கள்’ வரிசையில்தான் எனக்குத் தடை. அங்கே வயிற்றுப்போக்கும் நெஞ்சுநோயும் ஒரே கூட்டுத்தொகையில் கரைந்திருக்கின்றன. கால்புண் அதில் ஏறியிருக்குமா? ஏறியிருந்தாலும் மிகக் குறைவாகவே. கணுக்கால் புண் ஆளை எளிதில் கொல்வதில்லை. மாதக்கணக்கில் தோட்டக் குடியிருப்பான லயத்தில் முடக்கிப்போடும். வேலைக்குப் பேர் போடாத நாளுக்குக் கூலி இல்லை, கூலி குறைந்தால் சோறு குறையும், சோறு குறைந்தால் புண் ஆறாது. சாவுக் கணக்கு இந்தச் சுழலைக் காட்டாது. போதாக்குறைக்கு, அவை நகரக் கணக்குகள். தோட்டத்துக்கு அப்படியே பொருந்தா. ஆனால் மலேரியாவால் இரத்தம் குன்றிய உடலில் புண் ஆறுவது தாமதப்படும் என்ற அளவில் வாட்சனை மறுப்பதற்கில்லை.

தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் இவ்வாதத்தை நிறுத்திப் பார்க்கலாம். அங்கிருந்த மாலகோஃப் தோட்டத் தொழிலாளர் கொடுமைப்படுத்தப்பட்ட விவகாரம் 1873-இல் வெடித்தது. அன்று அவ்வட்டாரம் அடங்கிய வெல்லஸ்லி மாகாணம் கரும்புச் சீமை. தோகை முழங்காலுக்குக் கீழே கீறும். வெறுங்காலோடு வாய்க்கால் சேற்றில் இறங்குவார்கள். வெப்பமண்டலப் புண் சிறு கொப்புளமாய்த் தொடங்கி, சில நாளில் உடைந்து, நாற்றமெடுத்து, எலும்புவரை அரிக்கும். அதில் காணும் கதிர்வடிவக் கிருமிகளைப் பிரெஞ்சு மருத்துவர் வின்சென்ட் 1896-இல் விவரித்தார். ஃபியூசோபாக்டீரியம் அல்சரன்ஸ் என்ற இனம் பெயர்பெற்றது 1988-இல்தான். ஆனால் கிருமி மட்டும் போதாது. காயமும் பசியும் வேண்டும் என்றே நான் கொள்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் இதற்குச் சான்றாகுமா? பாதி அளவுக்கே. அங்கே ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் போர்க் கைதிகளின் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை வெட்டி எடுக்க நேர்ந்தது. 1943-இல் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கென்று சாங்கி கைதி முகாமிலிருந்து மருத்துவக் குழுக்கள் அனுப்பப்பட்டன. ஆயினும் அங்கே பட்டினியும் மலேரியாவும் சேர்ந்தே வந்தன. எது முதற்காரணம் என்று பிரித்துச் சொல்ல அந்தச் சான்று உதவாது.

இன்று கிளினிக்கில் கட்டு மாற்ற வருவோரிடம் அந்தப் பழைய புண்ணின் தொடர்ச்சியைத் தேடுவது எளிது. அதனாலேயே ஐயப்பட வேண்டும். 2019 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4. நரம்பு மரத்த பாதத்தில் செருப்புக் கடித்தாலும் தெரியாது. புண் உள்ளங்காலிலும் விரலிலும் வரும். பழைய புண்ணின் இடமோ கணுக்காலும் முன்காலும். அன்று குறைந்த சோறு, இன்று மிகுந்த சர்க்கரை. முன்னது ஓய்ந்து பின்னது ஓங்கிய காலத்தை ஓர் ஆண்டாகக் குறிப்பது பொருந்தாது. சில பத்தாண்டுகள் இரண்டும் ஒரே லயத்தில் இருந்திருக்கக்கூடும். எந்த இடத்தில் என்று சொல்லாமல் ‘கால்புண்’ என்று மட்டும் குறிக்கும் பதிவை இரு பக்கத்துக்கும் சான்றாகக் கொள்ள முடியாது.