உப்பும் பனிக்கட்டியும்

ஜெராய் மலையடியிலுள்ள யான் வட்டாரத்தில் பனிக்கட்டி இயற்கையாய்த் தோன்றாது. வெப்ப நாடுகளுக்கு அது ஒருகாலத்தில் கடல் கடந்தே வந்தது. 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன்னே கரை சேர்ந்தது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸும் அவ்வாறு வந்த கட்டிகளைக் காக்கவே. அக்குளிர்ச்சி செல்வர்க்குரியது, வெயிலில் உழைத்தவனுக்கு அன்று.

மறு ஆண்டே அமெரிக்காவில் நான்சி ஜான்சன் அம்மையார் கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை பெற்றார். பனிக்கட்டியோடு உப்புச் சேரின் உறைநிலை தாழும். குளிர் சுழிக்குக் கீழே 21 பாகைவரை இறங்கும். நடுக்கலத்துப் பால் உறையும். சமையலறை உப்பின் ஆற்றல்தான் என்னே!

தோட்டத்து லயங்களுக்கு மின்சாரமும் குளிர்பதனப் பெட்டியும் வந்தபின் வாளிக்கு வேலையில்லை. தேங்காய்ப்பாலில் சீனியும் சிட்டிகை உப்பும் கலந்து, நீண்ட பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிந்து, இரவு உறையவிட்டால் போதும். தாய்மார் இதனை வீட்டிலேயே செய்து, அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில காசுக்கு விற்கலாயினர். மலாய்க்காரர் இதற்கிட்ட பெயர் ‘ஆயிஸ் கிரிம் மலேசியா’.