அசையாமல் நிற்கும் கிக்ஆஃப்

2024 பிப்ரவரி 11, லாஸ் வேகாஸ். அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் கூடுதல் நேரம்வரை இழுத்துக்கொண்டு போனது. ஆட்டத்தைத் தொடங்கவும் புள்ளி எடுத்தபின்னும் எதிரணிக்குப் பந்தை உதைத்துவிடும் கிக்ஆஃப் மட்டும் 13 தடவை. பதின்மூன்றும் டச்பேக். பந்து பறந்து வந்து கோல் கோட்டுக்குப் பின்னால் அடங்கியது. எடுத்துக்கொண்டு ஓட ஒருவரும் முயலவில்லை. மூன்று நாள் முன்புதான் டெவின் ஹெஸ்டரைக் கால்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2007 சூப்பர் பௌலின் முதல் கிக்ஆஃபையே வாங்கி, 92 கெஜம் ஓடி டச்டவுன் போட்ட மனிதர் அவர். (கெஜம் என்றால் ஜவுளிக்கடைக் கெஜமேதான், மூன்றடி.)

அந்த ஓட்டம் ஏன் செத்தது என்றால், அது ஆளைச் சாய்த்தது. உதைக்கும் அணியினர் ஐம்பது, அறுபது கெஜம் முழு வேகத்தில் ஓடி வருவார்கள். எதிரணி அதே வேகத்தில் எதிரே வரும். 2007 செப்டம்பரில் பஃபலோ அணியின் கெவின் எவரெட் ஒரு கிக்ஆஃபில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்து விழுந்தார். இனி நடக்கவே மாட்டாரோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். பிறகு நடந்தார் என்பது வேறு கதை.

சூப்பர் பௌலை நடத்தும் லீக்கான என்எஃப்எல், கிக்ஆஃபின் பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. பந்தோடு ஓடுபவருக்கு முன்னால் மூன்று நான்கு பேர் தோளோடு தோள் சேர்ந்து வழி பிளப்பார்கள்; அதற்குப் பெயரே ‘ஆப்பு’. 2009-ல் அதற்குத் தடை. 2011-ல் உதைக்கும் இடத்தை 30-வது கெஜத்திலிருந்து 35-க்குத் தள்ளினார்கள், பந்து சுலபமாகக் கோல் கோட்டைக் கடந்தது. 2018-ல் உதைக்கும் அணி முன்கூட்டியே ஓடி வரக் கூடாது என்றார்கள். கடைசியில் வாய் பொக்கையாகிவிட்டது: 2023-ல் ஐந்து கிக்ஆஃபுக்கு ஒன்றுதான், கொஞ்சம் கூடுதலாக, ஓட்டமாயிற்று.

மருந்து கிடைத்தது நொடித்துப்போன ஒரு கடையில். மல்யுத்த முதலாளி வின்ஸ் மக்மஹோன் 2020-ல் மறுபடி தொடங்கிய எக்ஸ்எஃப்எல் என்ற போட்டி லீக், ஐந்தே வாரத்தில் கொரோனாவால் நின்று, அடுத்த மாதமே திவாலானது. ஆனால் அங்கே சாம் ஷ்வார்ட்ஸ்டைன் குழு செய்துவைத்த கிக்ஆஃப் பிழைத்துக்கொண்டது. சூட்சுமம் ஒன்றுதான்: உதைப்பவர் தூரத்தில் இருக்கட்டும், மற்றவர்களை எதிரெதிரே ஐந்து கெஜ இடைவெளியில் நிறுத்து, பந்து போய்ச் சேரும்வரை யாரும் அசையக் கூடாது. ஓடிவர இடமில்லாவிட்டால் மோதலில் வேகம் ஏது?

செயின்ட்ஸ் அணியின் டேரன் ரிசி, கௌபாய்ஸ் அணியின் ஜான் ஃபாசல் போன்ற பயிற்சியாளர்கள் இதை என்எஃப்எல்லுக்கு ஏற்றபடி தைத்தார்கள். 2024 மார்ச்சில் 29-3 என்று அணி உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள், அதுவும் ஓராண்டு சோதனைக்கு. முதல் அரங்கேற்றம் ஆகஸ்ட் 1, கேன்டன் நகரில். ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று ஹெஸ்டரின் பழைய அணியான சிகாகோ பேர்ஸ். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் அவர் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்.

முதல் ஆண்டு பாதிக் கிணறுதான். டச்பேக் ஆனால் எதிரணிக்கு 30-வது கெஜத்தில் பந்து. அவ்வளவுதானே என்று பயிற்சியாளர்கள் கோல் கோட்டைத் தாண்டியே உதைக்கச் சொன்னார்கள். ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் ஏறியது. 2025-ல் அதை 35 ஆக்கி, விதியையும் நிரந்தரமாக்கினார்கள். ஐந்தே கெஜம் விலை கூடியதும் எல்லாரும் கணக்கை மாற்றிப் போட்டார்கள். ஓட்டம்தான் வழக்கம் என்றாகிவிட்டது.

எனக்கு ஒரு குறை உண்டு. 2010 சூப்பர் பௌலில் இரண்டாம் பாதியைத் திடீர் ஆன்சைடு கிக்கோடு (குறுகலாக உதைத்து, உதைத்த அணியே பந்தைப் பிடிக்கப் பார்ப்பது) தொடங்கிக் கோல்ட்ஸ் அணியைத் திகைக்க வைத்தது செயின்ட்ஸ். இன்று அது நடக்காது. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்ய முடியும். அந்தக் கதவைச் சாத்திய விதியை வடித்தவர்களில் ஒருவர் அன்றைய செயின்ட்ஸ் பயிற்சியாளர் ரிசியே.

உதைப்பவர்களோ புது வித்தை பழகுகிறார்கள். உயரத் தூக்கி அடித்த காலம் போய், பந்தைத் தாழ்வாக, சுழலவிடாமல் அடிக்கிறார்கள். காற்றில் தள்ளாடி வந்து, 20-வது கெஜத்துக்குள் தரையில் பட்டு, கோணல் வடிவமாதலால் எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாமல் துள்ளுகிறது. வாங்க நிற்பவர் குனிகிறார், நழுவவிடுகிறார். அதுவரை சிலையாய் நின்ற பத்துப் பேர் அதற்குள் கிளம்பிவிடுகிறார்கள்.