மரத்த உள்ளங்காலுக்கு மாற்று நரம்பு

செருப்பில் ஏறிய ஆணி பாதத்தைக் குத்திக் கிழித்தாலும் தெரியாமல் நாள் முழுக்க நடப்பவர்கள் உண்டு. உள்ளங்காலின் பெரும்பகுதிக்கு உணர்வு தருவது டிபியல் நரம்பு. அது சயாட்டிக் நரம்பின் கிளை. விபத்தாலோ, புட்டத்தில் இடம் தவறிப் போட்ட ஊசியாலோ, தொழுநோயாலோ இவை சிதைந்தால் பாதம் மரத்துவிடும். தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் கவனிக்காமல் விட்ட காயங்களே புண்ணாகின்றன என்பதை வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். அங்கே அதற்குக் கிடைத்த விடை மெத்தென்ற ரப்பர் செருப்பு.

நரம்பு மாற்று அறுவை வேறு வழியில் போகிறது. முழங்காலுக்குக் கீழே காலின் உள்பக்கத் தோலுக்கு உணர்வு தரும் சஃபீனஸ் நரம்பு, தொடை நரம்பிலிருந்து பிரிவது. அதனால் சயாட்டிக் அறுந்தாலும் இது பிழைத்திருக்கும். இதைக் கணுக்கால் அருகே வெட்டித் திருப்பி, செயலிழந்த டிபியல் நரம்போடோ அதன் பாதக் கிளையோடோ இணைக்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் நரம்பின் உறையை மட்டும் பிடித்துத் தைக்க வேண்டும். இழுவிசை கொஞ்சமும் இருக்கக் கூடாது.

பிறகு காத்திருப்புதான். நரம்பிழைகள் பழைய நரம்பின் வெற்றுக் குழல்கள் வழியே நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும், விரல் நுனியை எட்டப் பல மாதங்கள் ஆகும். வளர்ச்சி எதுவரை வந்திருக்கிறது என்றறிய நரம்பின்மேல் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். வளரும் நுனியில் சுரீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். 1915இல் இதை விவரித்த டினெல் பெயரிலேயே இச்சோதனை வழங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், முதலில் உள்ளங்காலைத் தொட்டால் கணுக்காலுக்கு மேலே தொட்டதாக மூளை நினைக்கும். கண்ணால் பார்த்தும், கண்ணை மூடியும் தொட்டுப் பழகப் பழகத்தான் இடம் திருந்தும்.

சஃபீனஸ் மெல்லிய நரம்பு. டிபியலின் இழைகள் அத்தனைக்கும் அதனால் ஈடுகொடுக்க முடியாது. நுட்பமான தொடுஉணர்வை எதிர்பார்ப்பதற்கில்லை. பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை தெரிகிறதா என்பதே வழக்கமான அளவுகோல். அது தெரிந்தால் காயத்தை எச்சரிக்கும் உணர்வு இருப்பதாகக் கொள்வார்கள். ஈடாக, காலின் உள்பக்கத்தில் ஒரு பட்டை மரத்துப்போகும். உடல் எடையைத் தாங்காத தோல் என்பதால் அது பெரிய இழப்பல்ல.

நீரிழிவால் மரத்த பாதங்களுக்கு இந்த அறுவை பொதுவாகப் பொருந்தாது. அந்நோயில் கடன் கொடுக்க வேண்டிய நரம்பும் பெரும்பாலும் நலிந்தே இருக்கும்.